பிரகாசியின் இரண்டு குரல்கள்

எங்கள் வளர்ப்பறைக்குள் முதல் தடவை வருகிறவர்கள், இங்கே யாருக்கு விசேஷம் என்று கேட்பார்கள். அவ்வளவு சத்தம். ஒரு பெட்டியில் ஒருத்தி நாத்தனாரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பாள். பக்கத்துப் பெட்டியில் ஒரு வாத்தியார் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பார். இவர்களுக்குப் பின்னால் பெட்ரோல் பைக்கை உதைத்துக் கிளப்புகிற ஓசை, குக்கர் விசில், கரண்ட் போனதும் ஒரு தெருவே சேர்ந்து போடுகிற கூச்சல். எல்லாம் நாற்பது வருஷத்துக்கு முந்தைய செல்போன்களில் பதிவானவை. இப்போது பைக்குகள் பூனை நடையில் போகின்றன. கரண்ட் போவதே இல்லை. எனக்கு அந்த அறைக்குள் நுழைந்தாலே மனசு இளகிவிடும். என் சின்ன வயசு இன்னும் அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

தூத்துக்குடியில் தொண்டைக்கென்றே இருக்கிற ஆஸ்பத்திரி இது. புற்றுநோயால் குரல்வளையை எடுத்துப் போட்டவர்களுக்கு, அவர்கள் உடம்பின் செல்லிலிருந்தே புதுக் குரல்வளை வளர்த்துக் கொடுக்கிறோம். வளர்ப்பது பெரிய வித்தையில்லை. அதைப் பேசப் பழக்குவதுதான் வித்தை. அந்த வேலையைச் செய்கிறவள் நான், செண்பகவல்லி. சம்பளப் பட்டியலில் டாக்டர், மற்றபடி ஊமைக் குரல்வளைகளுக்கு டியூஷன் டீச்சர்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு பழக்கம் உண்டு. வருகிற நோயாளி யாருக்கும் பேச்சு வராது. அதனால் எதைக் கேட்டாலும் கூட வந்தவரைப் பார்த்தே கேட்போம். "அவுகளுக்கு வலி இருக்கா? ராத்திரி தூங்குனாங்களா?" என்று, நோயாளியை எதிரே உட்கார வைத்துக்கொண்டே மூன்றாம் மனுஷரிடம் விசாரிப்போம். கூட வந்தவரும் பக்கத்தில் இருப்பவரை ஏதோ வெளியூரில் இருப்பவர் போல வைத்துப் பதில் சொல்வார். சேர்ந்த புதிதில் எனக்கு இது கூச்சமாக இருந்தது. பிறகு நானும் அதில் கரைந்துவிட்டேன்.

தொபியாஸ் அண்ணாச்சியும் பிரகாசியக்காவும் வந்தபோதும் அப்படித்தான். அவர் ஒரு காலத்தில் ஐஸ் லாரி ஓட்டியவர். எழுபதை நெருங்கும் வயசு, வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. அக்காவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். கழுத்தை மூடி ஒரு கைக்குட்டை கட்டியிருந்தார். கை இரண்டும் ஆம்பளைக் கை போலக் காய்த்திருந்தது.

"அவுக நல்லா இருந்த காலத்துல பேசுன ரெக்கார்டிங் ஏதாவது இருக்கா அண்ணாச்சி?" என்று அவரிடம் கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பிரகாசி குரலா? பத்திரமால்லா வச்சிருக்கேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மாத்திரை டப்பியை எடுத்துத் திறந்தார். உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் அந்தக் காலத்து மெமரி கார்டு. "மாதா கோவில் பாடற்குழுவுல பாடுனது. கிறிஸ்துமஸ் ஒத்திகை. நான் கதவு மறைவுல நின்னு போன்ல புடிச்சேன். அவளுக்கு அப்ப பத்தொம்பது வயசு. எனக்கும் அவளுக்கும் பேச்சே கிடையாது அன்னைக்கு."

பிரகாசியக்கா அந்த டப்பியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

"இத வச்சு எப்படி டாக்டரம்மா குரல் வரும்?" என்று கேட்டார் அண்ணாச்சி.

எனக்குப் பாடம் எடுக்கப் பிடிக்கும். கேட்டால் விடமாட்டேன். "நம்ம உடம்பு மொத்தமும் நாலே வகைத் திசுதான் அண்ணாச்சி. போத்தி மூடுறது ஒண்ணு. மேல்தோலு, வாய்க்குள்ள இருக்கிற சவ்வு, குடலோட உள்பக்கம், எல்லாம் அந்த வகை. எபிதீலியம்னு பேரு. தாங்கிப் பிடிச்சுக் கட்டுறது இன்னொண்ணு, அது இணைப்புத் திசு. எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு, ரத்தம் எல்லாம் அதுல சேத்தி. சுருங்கி இழுத்து வேலை செய்யிறது தசை. சேதி கொண்டு போறது நரம்பு. குரல்வளைங்கிறது இத்துணூண்டு. ஆனா அதுக்குள்ள இந்த நாலும் வேணும்."

"ரத்தம் ஓடுற சாமான்லா? அது எப்படிக் கட்டும்?"

"படிக்கிறப்ப எனக்கும் அதே சந்தேகம்தான். உடம்போட ஒரு மூலையையும் இன்னொரு மூலையையும் அதுதான சேத்து வைக்கி. அதனால அந்தக் குடும்பத்துல போட்டுட்டாவ."

அவர் ரசித்துச் சிரித்தார். மிச்சத்தையும் சொன்னேன். பிறந்த குழந்தையின் குரல்நாணில் அடுக்குகள் பிரிந்திருக்காது. அழுது, கத்தி, பேசிப் பேசித்தான் அந்த அடுக்குகள் உண்டாகும். பெட்டிக்குள் வளர்கிற குரல்வளை யாரோடு பேசிப் பழகும்? அதற்காகத்தான் பழைய ஒலிப்பதிவு. அந்தச் சத்தத்தை அதிர்வாக மாற்றி நாணுக்குக் கொடுப்போம். எந்தக் குரலில் அதிர்ந்து வளர்கிறதோ, அந்தக் குரலாகவே அது முதிரும்.

"பிறகு மாத்த முடியாது அண்ணாச்சி. நாணுக்குள்ள இருக்கிற நார் ஒரு தடவ இறுகிட்டா இறுகுனதுதான்."

"மாத்துறதுக்கு என்ன இருக்கு?" என்றார் அவர். "பிரகாசி குரல் வந்தாப் போதும்."

அக்காவின் செல்லிலிருந்து நாண் முளைத்த அன்றைக்கே பாட்டை மூன்றாம் பெட்டிக்குள் ஓடவிட்டோம். கூரை விசிறி கடகடக்கிறது, யாரோ இருமுகிறார்கள், வெளியே ஒரு ஆட்டோ ஹாரன் அடிக்கிறது. அத்தனைக்கும் நடுவில் ஒரு மெல்லிய குரல், பயந்து பயந்து ஆரம்பித்து, பிறகு பயத்தை மறந்து மேலே போகிறது. நல்ல பாடகி என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டால், கதவு மறைவில் நின்ற அந்த லாரி டிரைவரின் கதி என்ன ஆகியிருக்கும் என்று புரிந்துவிடும்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இருவரும் வந்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்துகொள்வார். அக்கா இரண்டு நாற்காலி தள்ளி உட்காருவார். பாட்டு ஓடும்போது அண்ணாச்சியின் விரல் தொடையில் தாளம் போடும். முடிந்ததும் என்னைப் பார்த்து, "ரத்தம் எப்படி டாக்டரம்மா கட்டும்?" என்று கேட்பார். வாராவாரம் அதே கேள்வி. என்னைச் சீண்டுகிறார் என்று நானும் வாராவாரம் வேறு வேறு பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது அக்காவுக்கு அவ்வளவு மரியாதையாக வழிவிட்டு நிற்பார். "அவிய முன்னால போகட்டும்" என்பார். வீட்டில் நான் கட்டிக்கொண்டிருக்கிற ஆளை நினைத்துப் பெருமூச்சு விடுவேன்.

இதைக் கலைத்தவர் ஜெபக்கனி சிஸ்டர். வார்டிலிருந்து வளர்ப்பறைக்கு அவருக்கு அப்போதுதான் மாற்றல். மூன்றாம் பெட்டிக்கு முன்னால் நின்று காதைக் கொடுத்துக் கேட்டார்.

"இது யாரு மேடம் பாடுறது?"

"பிரகாசியக்கா. கைக்குட்டை கட்டிக்கிட்டு வெள்ளிக்கிழம வருவாங்கள்ல, அவுக."

"மீன்பிடித் துறைமுகத்துல ஏலம் கூறுன பிரகாசியா?" சிஸ்டர் சிரித்துவிட்டார். "எங்கம்மா அவுககிட்ட மீன் எடுத்து வித்தவ மேடம். அந்தக் குரலு எனக்குத் தெரியாதா? இது அந்தக் குரலு இல்ல."

தன் போனில் தேடி, துறைமுகத்தில் யாரோ எடுத்த ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார். நடுவயசில் பிரகாசியக்கா. சேலையை வரிந்து கட்டி, மீன் குவியலுக்கு நடுவே நிற்கிறார். சுற்றிலும் ஆண்கள். காற்று அடித்துக்கொண்டு போகிறது. அந்தக் காற்றை மீறி ஒரு குரல் வருகிறது. கரகரவென்று, காய்ந்த தென்னை மட்டையைச் சிமெண்டுத் தரையில் இழுக்கிற குரல். கூட்டத்தில் ஒருவன் ஏதோ நக்கலாகச் சொல்கிறான். "வீட்டுல பேச விடலன்னு இங்க வந்து பேசுதியோ?" என்கிறார் அக்கா, மூச்சுவிடாமல் ஏலத்தையும் தொடர்ந்தபடி. கூட்டம் மொத்தமும் சிரித்து அவனை விழுங்கிவிடுகிறது.

"அந்தத் துறையில ஏலம் கூறுன ஒரே பொம்பள அவுகதான்" என்றார் சிஸ்டர். "ஆரம்பத்துல ஆம்பளைங்க எவ்வளவு மறிச்சாவ தெரியுமா. இவுக கத்திக் கத்தியே இடத்தப் புடிச்சாவ. துறைமுகத்துல இன்னும் அந்த இடத்த வேற யாருக்கும் குடுக்கல. குரல் வந்ததும் வரட்டும்னு வச்சிருக்காவ."

எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் கோபம் வந்தது, நல்ல கோபம். வெள்ளைச் சட்டையும் தாளம் போடும் விரலுமாக என்னை எப்படி ஏமாற்றிவிட்டார் இந்த மனுஷர். பெண்டாட்டிக்கு வாயில்லாத நேரம் பார்த்து, தனக்குப் பிடித்த வயசைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். நாங்களும் லட்சணமாக அவரிடமே கேட்டோமே தவிர, குரலுக்குச் சொந்தக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாணில் நார் இறுக இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அதற்குள் ஒலியை மாற்றினால் தப்பிக்கலாம். விட்டால், ஏலக்காரி ஆயுசுக்கும் பாடற்குழுச் சிறுமியின் தொண்டையோடு நிற்க வேண்டியதுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை, அக்கா ரத்தப் பரிசோதனைக்குப் போன நேரத்தில் அண்ணாச்சியைப் பிடித்தேன். வீடியோவை ஒலி மட்டும் கேட்கும்படி போட்டேன்.

"இது யார் குரல் அண்ணாச்சி?"

கொஞ்சம் கேட்டார். "ஏலக்காரம்மால்லா. துறைமுகத்துல நிப்பாவ. நம்ம லாரி அங்க போறப்ப பாத்திருக்கேன்."

"உங்க பிரகாசி குரல் இல்லையா இது?"

"என்ன டாக்டரம்மா, கேலி பண்ணுதிய. பிரகாசி இப்படியா பேசுவா?" வாய்விட்டுச் சிரித்தார். முகத்தில் ஒரு துளி கள்ளம் இல்லை. எப்பேர்ப்பட்ட நடிப்பு என்று எனக்கு இன்னும் எரிந்தது.

அவரை சிஸ்டரோடு டீ குடிக்க அனுப்பிவிட்டு, அக்காவை என் அறைக்குள் கூட்டி வந்து எதிரே உட்கார வைத்தேன். எங்கள் ஆஸ்பத்திரியில் நான் ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"அக்கா, உங்களுக்கு எந்தக் குரல் வேணும்?"

இரண்டையும் போட்டுக் காட்டினேன். முதலில் ஏலம். அதைக் கேட்டதும் அவர் உதடு தானாக அசைந்தது. வலது கை மேலே போய், யாரோ கேட்ட விலையை ஏற்றுக்கொள்வது போல விரலை மடக்கியது. முகத்தில் அப்படி ஒரு தெம்பு. அடுத்து பாட்டு. அதைக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார், அடுத்த வீட்டுப் பிள்ளை பாடுவதைக் கேட்பது போல.

அவரிடம் ஒரு போன் இருந்தது. தட்டெழுதினால் அது வாசிக்கும். எந்தப் பேச்சைத் தட்டினாலும் செய்தி வாசிக்கிற தமிழாக்கித்தான் வாசிக்கும். அக்காவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. வேண்டா வெறுப்பாகத் தட்டினார்.

"பாட்டே இருக்கட்டும்" என்றது போன்.

"அக்கா, யோசிச்சுச் சொல்லுங்க. இந்த நாண் ரொம்ப மெலிசு. இத வச்சுக்கிட்டுத் துறைமுகத்துல ஒரு நாள் கத்தினாக் கிழிஞ்சிரும். உங்க இடம் போயிரும்."

"தெரியும்."

"அவரு ஆசப்பட்டாருன்னா குடுத்துறணுமா? இது உங்க தொண்டை. அவருக்கு வேணும்னா அந்தப் பாட்ட டப்பியிலயே வச்சுக் கேக்கட்டும்."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். எரிச்சலா பரிதாபமா என்று தெரியவில்லை. பிறகு வெகுநேரம் தட்டினார்.

"அவர் என்னை இங்கே அழைத்து வருவதாக நினைக்கிறீர்கள். நான்தான் அவரை அழைத்து வருகிறேன். வீட்டில் தனியாக விட முடியாது. அவருக்கு என்னை யாரென்று தெரியாது."

போன் அதை வானிலை அறிக்கையின் நிதானத்தில் சொல்லி முடித்தது.

"முதலில் மகனின் பெயர் மறந்தது. அவன் கப்பலில் இருக்கிறான், அதனால் பரவாயில்லை என்று நினைத்தேன். பிறகு ஒவ்வொரு வருடமாகப் பின்னோக்கிப் போனார். எனக்குக் குரல் இருந்த கடைசி மாதத்தில் ஒரு நாள் காலையில் காப்பி கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கேட்டார். ஏலக்காரம்மா, என் மனைவியை எங்கேயாவது பார்த்தீர்களா என்று."

வாராவாரம் வந்த அந்த ஒரே கேள்வி. இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தது. 'அவிய முன்னால போகட்டும்' என்று ஒதுங்கி நின்ற மரியாதை. அறிமுகமில்லாத ஒரு பெண்மணிக்குக் கொடுக்கிற மரியாதையைப் பார்த்துவிட்டு நான் வாரக்கணக்கில் பெருமூச்சு விட்டிருக்கிறேன். அவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. பிரகாசி குரல் எது என்று கேட்டோம். தனக்குத் தெரிந்த ஒரே பிரகாசியை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

அக்கா மறுபடி தட்டினார். "நான்கு திசுவும் வளர்க்கிறீர்கள். நரம்பும் அதில் உண்டு. அவர் மூளைக்குக் கொஞ்சம் வளர்த்துக் கொடுக்க முடியாதா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் என் வேலையிலேயே கஷ்டம். "வளத்து வைக்கலாம் அக்கா. சில இடத்துல வைக்கவும் செய்யிறாங்க. ஆனா புது நரம்புக்கு உங்களத் தெரியாதே. தொண்டைக்குப் பழக்க ரெக்கார்டிங் இருக்கு. அவரு உங்களப் பாத்த பார்வைய, உங்க கூட இருந்த நாளையெல்லாம் எந்த போன்ல புடிச்சு வச்சிருக்கோம்? எத ஓடவிட்டு அதப் பழக்குறது?"

தலையை ஆட்டினார். ஏற்கெனவே யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்ட முகம்தான். என்னிடமும் ஒரு தடவை கேட்டுப் பார்த்திருக்கிறார்.

"இந்தப் பாட்டும் எத்தன நாளுக்குன்னு சொல்ல முடியாது" என்றேன். "அவரு இன்னும் பின்னால போனா, இந்தப் பிரகாசியும் இருக்க மாட்டா. அன்னைக்கு ஏலக் குரலும் இருக்காது, இந்தக் குரலுக்கும் வேல இருக்காது."

"அதுவும் தெரியும்" என்றது போன். பிறகு, "எனக்கு ஏலக் குரல்தான் பிடிக்கும். பாட்டுக் குரல் கடவுள் கொடுத்தது. இது நானாகச் சம்பாதித்தது. ஆனால் அவர் தேடுவது ஏலக்காரியை இல்லை. தினமும் வாசலில் நின்று தேடுகிறார். பார்க்கப் பொறுக்கவில்லை."

ஏலத்தை இன்னொரு தடவை போடச் சொல்லிக் கை காட்டினார். போட்டேன். இந்தத் தடவை கை மேலே போகவில்லை. முடிந்ததும் தானே கையை நீட்டி அதை நிறுத்தினார். நான் அழுததைப் பார்த்து என் முதுகில் ஒரு தட்டு தட்டினார். நல்ல பலமான தட்டு.

மூன்றாம் பெட்டியில் பாட்டு தொடர்ந்து ஓடியது. நார் இறுகியது. குரல்வளையைப் பொருத்தி, நரம்பு ஒட்டி, தையல் ஆறி, மழைக்காலமும் போய்விட்டது. ஒரு சொல் பேசிப் பார்க்கலாம் என்று பெரிய டாக்டர் உத்தரவு கொடுத்தார். முதல் பேச்சு என்றால் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டமே கூடும், கைதட்டல் எல்லாம் உண்டு. அக்கா யாரும் வேண்டாம் என்று எழுதிவிட்டார். என்னையும் ஜெபக்கனி சிஸ்டரையும் மட்டும் விட்டார்.

அண்ணாச்சி வராண்டாவில், வேப்பமரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மூன்று மணி வெயில் அவர் செருப்புக்கு முன்னால் கிடந்தது. அக்கா மெதுவாக நடந்து அவருக்குப் பின்னால் போய் நின்றார். கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"தொபியாசு" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் கூப்பிட்ட மாதிரி, வெறும் பேரை மட்டும்.

அதே குரல். வாயும் மூக்கும் வயசானவை என்பதால் கொஞ்சம் கனம் கூடியிருந்தது, அவ்வளவுதான்.

அவர் விருட்டென்று எழுந்து திரும்பினார். அக்காவைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்கிற மாதிரி தலையை அசைத்து, அக்காவின் தோளுக்கு மேலாக எட்டி, வராண்டாவின் கோடி வரைக்கும் தேடினார். இத்தனையும் வீணா என்று நினைத்தேன்.

"இங்கதான் இருக்கேன்" என்றார் அக்கா. "உக்காருங்க. கண்ண மூடிக்கிடுங்க."

அவர் சொன்னபடி செய்தார். கண்ணை மூடியதும் முகத்தில் இருந்த குழப்பம் வடிந்து போயிற்று. அக்கா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒட்டி உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க போயிட்ட பிரகாசி? எவ்வளவு நாளாத் தேடுதேன்."

"ஒத்திகைக்குப் போயிருந்தேன்."

"சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

"இனிமே போக மாட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் அந்தக் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, கண்ணைத் திறக்காமலேயே அக்காவின் காதுப் பக்கம் சாய்ந்து, குரலைத் தணித்தார்.

"ஒரு விஷயம் சொல்லுதேன், சத்தம் போடாத. இங்க ஒரு அம்மா இருக்காவ. பாவம், பேச்சு வராது. நீ இல்லாதப்ப எனக்குச் சோறு போட்டு, குளிக்க வச்சு, எல்லாம் அவியதான் பாத்தாவ. நான் கோவத்துல ஒண்ணு ரெண்டு தடவ ஏசியும் போட்டேன். ஒண்ணும் சொல்லல. நீ வந்துட்டன்னு அவியள அனுப்பிராத, என்ன?"

அக்கா மறு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். புதுத் தொண்டை, அதிகம் பேசக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஜெபக்கனி சிஸ்டர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

"அனுப்ப மாட்டேன்" என்றார் பிரகாசியக்கா. "எனக்கும் அவியள ரொம்பப் பிடிக்கும்."